நான் சப்பாத்து மாத்ரினா ஆன கதை

எழுத்தில் பிழைகள் இருந்தால் முதலே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஊருக்குக் கடிதம் எழுதிய காலமும் போய், இப்போது கையெழுத்தும் கோணலாகிவிட்டது. சில விஷயங்கள் மறந்தும் போகின்றன. முன்னுக்கு நடந்தது பின்னுக்கும் பின்னுக்கு நடந்தது முன்னுக்கும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எழுதும் அனுபவங்களை வாசிக்கும்போதெல்லாம், என்னிடமும் ஒன்று இருக்கிறதே, யாருக்கும் சொல்லவில்லையே என்று மனம் அரிக்கும். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

இது போன வருடம் கோடைகாலத்தில், ரொறொன்ரோவில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டிடத்தில் நடந்தது. எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவில் எல் சல்வடோர் நாட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு மகள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தகப்பன் திரும்பிப் போய்விட்டானாம், பிறகு ஒரு தொடர்பும் இல்லை. தாய்க்குப் பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. அதனால் அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்த காலம் தொட்டு, பள்ளிக்கூடம் போய்த் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வயது வரைக்கும் என்னிடம்தான் விட்டுப் போவாள்.

பிள்ளை என்னோடு வளர்ந்ததால் எங்களைப்போலவே தமிழ் கதைப்பாள். கட்டிடத்தில் எல்லோரும் என்னை அன்ரி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அன்ரி என்றுதான் சொல்லுவாள். ஒருமுறை பஸ்ஸில் எங்கள் ஆக்கள் இரண்டு பேர் அவள் போட்டிருந்த கிழிந்த காற்சட்டையைப் பற்றி ஏதோ நொட்டை சொல்லியிருக்கிறார்கள். இவள் இறங்கும்போது திரும்பி, "அன்ரி, உது கிழியேல்லை, உப்பிடித்தான் விக்கிறவை" என்று சொல்லிவிட்டு இறங்கினாளாம். என் சொந்தப் பேரப்பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் மறுமொழி சொல்லுவார்கள். அந்த வயிற்றெரிச்சலை இங்கே எழுதப்போவதில்லை.

இவ்வளவு காலம் எதிர்வீட்டில் இருந்தும் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தாய்க்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே அளவு, அதாவது போதாத அளவு. அவளிடம் வந்துபோகும் கொலம்பியாக்காரி, மெக்சிக்கோக்காரி, பிரேசில்காரி எல்லோரையும் நாங்கள் "ஸ்பானிஷ் ஆக்கள்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவோம். எங்களைக் கண்டவர்கள் எல்லாம் "இந்தியாவோ?" என்று கேட்டால் மட்டும் எங்களுக்குக் கோபம் வரும்.

அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது வந்தது. எங்களுக்குப் பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் செய்யும் சாமத்திய வீடு போல அவர்களுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். கின்சே என்று சொல்லுவார்கள். மண்டபம் எடுத்து, பிள்ளைக்கு நிலத்தில் இழுபடும் சட்டை உடுத்தி, கிரீடம் வைத்து, கேக் வெட்டி, ஆடிப்பாடிச் செய்வது. அதில் ஒரு வழக்கம் இருக்கிறது. தாய் தகப்பன் தனியே எல்லாவற்றையும் செய்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணை முன்னுக்கு நிற்கச் சொல்லிக் கேட்பார்கள். கேக்குக்கு ஒருத்தி, கிரீடத்துக்கு ஒருத்தி, சட்டைக்கு ஒருத்தி. அப்படி நிற்பவளுக்கு மாத்ரினா என்று பெயர். ஞானத்தாய் மாதிரி.

ஒருநாள் தாய் என் கதவைத் தட்டினாள். வேலைக்குப் போகும் உடுப்போடு வந்து, போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பிள்ளை ஒன்று கதிரையில் ராணி மாதிரி இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் முழங்காலில் இருந்து அதன் காலில் கிடந்த தட்டைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குதி உயர்ந்த சப்பாத்தைப் போட்டுவிடுகிறார். அதைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினாள். "யூ, சென்யோரா. ப்ளீஸ்" என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

எனக்கு யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. ஏதோ தலையை ஆட்டினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கதவைச் சாத்தியபின்தான் யோசித்துப் பார்த்தேன். எங்களில் பிள்ளைதான் பெரியவர்களின் காலில் விழும். சப்பாத்தும் செருப்பும் வாசலுக்கு வெளியே கிடக்கிற சாமான். ஒருவருக்குப் பரிசாகக்கூட நாங்கள் அதைக் கொடுக்க மாட்டோம். நான் சபைக்கு நடுவில் ஒரு சின்னப் பிள்ளையின் காலடியில் இருந்து சப்பாத்து மாட்டிவிடுவதா? கேக், கிரீடம் எல்லாம் மற்றவர்களுக்கு. எனக்குச் சப்பாத்து.

வீட்டில் சொன்னேன். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கட அம்மாவைப் பாத்தா உவைக்கு எப்பிடித் தெரியுது? பிள்ளையைத் தூக்கி வளத்ததுக்கு இதுதானோ மரியாதை?"

மருமகள் அவ்வளவு கோபப்படவில்லை. "மாமி, நாங்கள் வடிவான நகையொண்டு குடுப்பம். சப்பாத்து வேலையை மட்டும் வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அடுத்தநாள் நான் எதிர்க் கதவைத் தட்டி, என் முழங்காலைத் தொட்டுக் காட்டி, நோ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் "ஓகே, சென்யோரா" என்றாள். முகம் மட்டும் அப்படியே விழுந்துவிட்டது. பிறகு சில நாட்கள் அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. லிப்டில் கண்டாலும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் நான் முதலே வாழையிலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கொண்டாட்டத்துக்கு முதல்நாள் அவர்கள் எல்லோரும் கூடி, சோளமாவுக்குள் இறைச்சி வைத்து, இலையில் பொதி கட்டி அவிப்பது வழக்கம். தமிழ்க் கடையில் நல்ல இலை வரும் நாள் எனக்குத் தெரியும். சொன்ன சொல்லுக்காக இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்தது பிள்ளை. "அன்ரி, உள்ள வாங்கோ, இங்க பெரிய சண்டை நடக்குது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உண்மையாகவே சண்டைதான். குசினியில் தாயும் அவளுடைய மூன்று சிநேகிதிகளுமாக நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பிள்ளை மேசையில் ஏறி இருந்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

"மெக்சிக்கோ அன்ரி சொல்லுறா, உதை வாழையிலையில கட்டக்கூடாதாம், சோளப்பொத்தியின்ர மடலிலதான் கட்டோணுமாம். கொலம்பியா அன்ரி சொல்லுறா, மடலில கட்டினா அது குழந்தைப்பிள்ளைச் சாப்பாடாம். அம்மா சொல்லுறா, ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தை வெட்டட்டாம்."

"பிரேசில்காரி என்ன சொல்லுறா?"

"அவ ஒண்டும் சொல்லேல்லை. ஸ்பானிஷ் கதைக்காத அவ லத்தீன் ஆள் இல்லையெண்டு கொலம்பியா அன்ரி பகிடி பண்ணினவ. அதுதான் கோபம்."

நான் ஒரு மூலையில் நின்று இலையை அடுப்பு நெருப்பில் காட்டி வாட்டத் தொடங்கினேன். வாட்டாமல் மடித்தால் கிழிந்துவிடும் அல்லவா. கொலம்பியாக்காரி என் கையைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சில் கைவைத்தாள். தன்னுடைய தாயும் இப்படித்தானாம், இரண்டு பக்கமும் காட்டி, நிறம் மாறியதும் எடுப்பாளாம்.

அப்போது ஒன்று நடந்தது. கீழே யாரோ கழற்றிவிட்ட சப்பாத்து என் காலில் தட்டுப்பட்டது. நான் பிள்ளையிடம், "இந்தச் சப்பாத்தைக் குசினிக்கு வெளியில வை பிள்ளை" என்றேன். பிரேசில்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சப்பாத்து, சப்பாத்து என்று இரண்டு முறை தானே சொல்லிப் பார்த்தாள். தங்கள் போர்த்துக்கீச மொழியிலும் அதுதானாம், சப்பாத்தோ. குசினியும் ஏறக்குறைய அதேதான். தாய் வந்து மேசையில் தட்டினாள், மேசா என்றாள். நான் கதிரை என்று கதிரையைக் காட்டினேன், யன்னல் என்று யன்னலைக் காட்டினேன். அந்த இரண்டும் மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. பிரேசில்காரிக்கு மட்டும் உடனே விளங்கியது. அவளுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது, எல்லோரையும் பார்த்துக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிரெட்டுக்குப் பாண் என்று நான் சொன்னபோது, தங்களுக்கும் அதுதான் என்று நாலு பேரும் கூச்சல் போட்டார்கள்.

எப்படி இந்தச் சொற்கள் என்னிடம் வந்தன என்று கேட்டார்கள். போர்த்துக்கீசர் எங்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்டதாகச் சின்ன வகுப்பில் படித்தது ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னேன். கொலம்பியாக்காரி பெரிய சிரிப்பாகச் சிரித்து ஏதோ சொன்னாள். பிள்ளை சொன்னாள்:

"அன்ரி, அப்ப உங்களையும் அவங்கள் பிடிச்சவங்களோ? அப்ப நீங்களும் எங்கட ஆளாம்."

எனக்கும் துணிவு வந்தது. வாழ்க்கையில் முதல்தரம் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் கேள்வி கேட்டேன். ஆளுக்கொரு நாடு, சாப்பாட்டுக்கும் ஆளுக்கொரு பெயர், அதை எதில் கட்டுவதென்றே சண்டை. பிறகு எப்படி எல்லோரும் ஒரே ஆக்கள் என்று சொல்லுகிறீர்கள், லத்தீன் என்றால் என்ன என்று கேட்டேன்.

பிள்ளை அதை அவர்களுக்குச் சொன்னாள். பிறகு மெக்சிக்கோக்காரி கையிலிருந்த மாவைக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். சோளம் அந்த மண்ணில் முதலே இருந்த சனத்தினுடையது. கப்பலில் வந்தவர்கள் மண்ணை எடுத்துக்கொண்டு மொழியையும் கோவிலையும் கொடுத்தார்கள். பிறகு ஆபிரிக்காவிலிருந்து சனத்தைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்தார்கள். அடித்தவனும் அடிவாங்கியவனும் எல்லாம் தங்களுக்குள்ளே கலந்திருக்கிறார்கள் என்றாள். அதனால்தான் தன் முகம் ஒரு மாதிரி, தன் தம்பியின் முகம் இன்னொரு மாதிரி. பிரேசில்காரி, ஸ்பானிஷும் போர்த்துக்கீசும் அக்கா தங்கை, இரண்டுக்கும் தாய் லத்தீன், ஆனபடியால் தன்னை யாரும் வெளியே தள்ள முடியாது என்று கொலம்பியாக்காரிக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்.

பிள்ளையின் தாய் மட்டும் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அதை மொழிபெயர்க்கப் பிள்ளை கொஞ்சம் கஷ்டப்பட்டாள்.

"அம்மா சொல்லுறா, அவவின்ர அம்மம்மா கதைச்ச பாஷை அவவுக்குத் தெரியாதாம். அதைக் கதைச்சா அடிக்கிற காலம் ஒண்டு இருந்ததாம். இப்ப அடிச்சவன்ர பாஷையிலதான் பிள்ளையை நித்திரையாக்கிற பாட்டும் பாடினவவாம். ஆனா அந்தப் பாட்டு இப்ப அவவின்ரயாம். ஒருத்தருக்கும் திருப்பிக் குடுக்கமாட்டாவாம்."

எனக்கு அது ஊசி மாதிரிப் போய்ப் பட்டது. எங்களிடம் வந்தவர்கள் கதிரையையும் மேசையையும் விட்டுப் போனார்கள், எங்கள் மொழியை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை எழும்பியது. அவளுடையது வேறு மாதிரிப் பெருமை. எடுத்ததற்குப் பதிலாக வந்ததையும் தன்னுடையதாக்கி, நாலு நாட்டுக்காரரோடு ஒரு குசினியில் நின்று சண்டை பிடிக்கிற பெருமை. எது பெரியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரம்தான் பிள்ளை மேசையால் இறங்கி என்னிடம் வந்தாள். மற்றவர்களுக்கு விளங்காது என்ற துணிவில் தமிழில் கேட்டாள்.

"அன்ரி, என்ர காலைத் தொட உங்களுக்கு அரியண்டமோ? அம்மா அழுதவ. தாங்கள் கழுவித் துடைக்கிற ஆக்கள் எண்டபடியா நீங்கள் மாட்டனெண்டு சொன்னனீங்களாம்."

நான் இலையை அப்படியே வைத்துவிட்டேன். ஐயோ, அப்படி இல்லை பிள்ளை என்று சொன்னேன். பிறகு, எங்களில் காலும் சப்பாத்தும் என்ன மாதிரி, யார் யாருடைய காலைத் தொடுவது, ஏன் என் மகனுக்குக் கோபம் வந்தது என்று எல்லாம் சொன்னேன். தாயிடம் சொல்லச் சொல்லிப் பிள்ளையிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் கதைத்ததை அவள் முன்பு கேட்டதே இல்லை.

பிள்ளை சொல்லிக்கொண்டு போகப் போக நாலு பேரின் முகமும் மாறியது. மெக்சிக்கோக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். தாய் மாவுக் கையோடு என் முன்னால் வந்து நின்றாள். பிள்ளையை மொழிபெயர்க்க விடாமல், தெரிந்த ஆங்கிலத்தில் தானே சொன்னாள். நான் விளங்கிக்கொண்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அது தகப்பன்ர இடம். எங்கட எல்லா நாட்டிலயும் அதைத் தகப்பன்தான் செய்யிறவர். கேக்கும் கிரீடமும் ஆரும் செய்யலாம். இவள் முதல்முதல் எழும்பி நடந்தது உங்கட வீட்டுக்குள்ள. நான் அப்ப வேலையில. நான் காணேல்லை. நீங்கள்தான் கண்டனீங்கள். அதுதான் உங்களைக் கேட்டனான்."

நான் மாட்டேன் என்றதும் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல், சப்பாத்து மாற்றுவதையே விட்டுவிடுவதாக இருந்தாளாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சப்பாத்து மாற்றாமல் விட்டால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மெக்சிக்கோக்காரி கேட்டபோது, தகப்பன் இல்லை என்பதை நினைப்பார்கள், நினைக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

நான் அவளுடைய மாவுக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையிடம், "நாளைக்கு நான் வாறன் எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்றேன். பிறகு எல்லோரும் மறுபடி சண்டை பிடித்தார்கள். கடைசியில் பாதி இலையிலும் பாதி மடலிலும் கட்டினோம்.

வீட்டுக்குப் போய் மகனிடம் சொன்னேன். தகப்பன் செய்கிற வேலையாம் என்று மட்டும்தான் சொன்னேன். அவன் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். நேரே போய்த் தன்னுடைய கோட்டை எடுத்து ஸ்திரிக்கை போட்டான்.

மண்டபம் ஒரு பிளாசாவின் பின்பக்கம். நான் கூறைச்சேலைக்கு அடுத்தபடியாக வைத்திருந்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் தங்கள் மேசைகளில் சேர்ந்து இருந்தார்கள். ஒரு ஓரத்து மேசையில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நான். மைக் கொலம்பியாக்காரியின் கையில். அதை யாராலும் வாங்க முடியவில்லை.

நேரம் வந்தபோது பிள்ளை நடுவில் கதிரையில் இருந்தாள். கொலம்பியாக்காரி மாத்ரினாக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லாமல் நாட்டைச் சொல்லிக் கூப்பிட்டாள். மெக்சிக்கோ என்றதும் மெக்சிக்கோ மேசை எழும்பிக் கத்தியது. பிரேசில் என்றதும் அந்த மேசை கத்தியது. கொலம்பியா என்று தன்னையே சொல்லிக்கொண்டபோது அவர்கள் மேசையில் தட்டி மண்டபத்தை இடித்துவிடுவார்கள் போல இருந்தது. என் முறை வரும்போது கத்த எனக்கு யார் இருக்கிறார்கள்? என்னை விட்டால் எங்கள் மேசையில் இருந்தது நாலு பேர். அதில் இரண்டு பேர் போனில்.

கொலம்பியாக்காரி கையிலிருந்த கடதாசித் துண்டைப் பார்த்துத் தன் நாட்டு வாயால் "ஹாஃப்னா" என்றாள். ஆங்கிலத்தில் ஜஃப்னா என்று எழுதியிருந்த யாழ்ப்பாணத்தைத்தான்.

எல்லா மேசையும் எழும்பியது. உண்மையாகத்தான் எழுதுகிறேன். மெக்சிக்கோ, கொலம்பியா, பிரேசில், எல் சல்வடோர் எல்லாம் ஒன்றாக எழும்பி ஹாஃப்னா, ஹாஃப்னா என்று கத்தினார்கள். அவர்களில் ஒருவரும் அந்த ஊரை வரைபடத்தில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். என் பேரன் போனை வைத்துவிட்டு எழும்பி நின்று, "தட்ஸ் அஸ்" என்று தங்கைக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் நடுவுக்குப் போனேன். குனிய முயன்றபோது உடம்பு இடம் கொடுக்கவில்லை. அப்போது பின்னால் ஒரு கை என்னைப் பிடித்தது. என் மகன். என்னை மெதுவாக நிலத்தில் இறக்கி இருத்திவிட்டுத் தானும் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். பழைய சப்பாத்தை அவன் கழற்றினான், புதியதை நான் போட்டேன். பிள்ளை எழும்பி ஒரு அடி வைத்தாள். குதி ஆடியது. என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் மைக் இருப்பதை மறந்து, "அன்ரி, விழப்போறன், பிடியுங்கோ" என்றாள். அந்தத் தமிழ் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள். தாய் அழுதுகொண்டு சிரித்தாள்.

அன்றைக்குப் பிறகு அவள் என்னைச் சென்யோரா என்று கூப்பிடுவதில்லை. கொமாத்ரே என்கிறாள். பிள்ளையைப் பெற்றவளும் பிள்ளைக்கு மாத்ரினா ஆனவளும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். தன்னோடு சேர்ந்து தாயானவள் என்று பொருள் என்று பிள்ளை சொன்னாள். எங்கள் மொழியில் எத்தனையோ முறைப்பெயர்கள் இருக்கின்றன, இதற்கு ஒன்றைத் தேடினேன், அகப்படவில்லை. பறிகொடுத்தும் கலந்தும் சிதறியும் வந்த சனம், இரத்தம் மட்டும் போதாது என்று கண்டு, அன்னியரையும் சொந்தமாக்கும் ஒரு சொல்லை எல்லா நாட்டிலும் காப்பாற்றி வைத்திருக்கிறது. லத்தீன் என்றால் என்ன என்று நான் குசினியில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த மறுமொழி அதுதான். அதே மாதிரிச் சிதறி வந்த சனத்தில் நானும் ஒருத்தி என்பதில் இப்போது எனக்குக் கூச்சம் இல்லை, பெருமைதான் இருக்கிறது.

எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது, சோளம் யாருடையது என்பதெல்லாம் நான் கேட்டு எழுதியது. படித்தவர்கள் யாராவது பார்த்து, பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். கொமாத்ரே என்பதை மட்டும் தமிழாக்க வேண்டாம். அது எனக்குத் தந்த பெயர்.